மாடியில் தெரிந்த ஒரே பெயர்

மட்டாஞ்சேரி
9-8-2007

அன்புள்ள அதிதிக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஆடி மாசத்துக் கர்க்கடக மழை இன்னும் விடவில்லை, நாலு நாளாகத் துணி உலராமல் வீடு முழுக்க ஒரு நாற்றம், அப்பாவுக்கு முட்டுவலி, தைலம் தடவுகிறேன். மாடியில் இருக்கிற உன் சித்தப்பா குடும்பத்தின் சௌக்கியத்தை வழக்கம்போல் ஒரு வரியில் முடிக்க இந்தத் தடவை முடியாது. போனில் சொல்லலாம் என்றால் அதே லைனில் மாடியிலும் ஒரு போன் இருக்கிறது, நான் இங்கே எடுத்தால் அங்கேயும் யாரோ எடுக்கிற சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெங்கிடேஸ்வரன் மாமா சிங்கப்பூர் வருகிறார், அப்பளக் கட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

மே மாதம் நீ வந்தபோது கூடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியை வைத்து, நம் கம்ப்யூட்டருக்கும் மாடிக் கம்ப்யூட்டருக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, வினை அங்கேதான் தொடங்கியது. உனக்கு வந்த ஜாதகங்களையும் போட்டோக்களையும் அப்பா ஸ்கேன் செய்து அதில் போட்டார். நான் ஆசையாகத் தமிழில் ‘அதிதிக்குப் பார்த்த வரன்கள்’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தேன், பெட்டி அதை ஒரு வரிசைக் கேள்விக்குறியாக மாற்றிவிட்டது. இங்கிலீஷில் அடித்தேன், நடுவில் இடம் விடக்கூடாதாம், நீளமும் கூடாதாம், திறக்கவே மாட்டேன் என்று அடம். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு ஜூ டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சஜியைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, மாமி, பேரு சின்னதாயிட்டு இங்கிலீஷில் போட்டால் மதி, அது போதும், பக்ஷே இதெல்லாம் மாடியிலேயும் தெரியும் கேட்டோ, அவா காணண்டாம்னா பேருக்குக் கடைசியில ஒரு டாலர் அடையாளம் போட்டுக்கோங்கோ என்றான். எனக்கு அதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும். உன் பெயரை அடித்துப் பின்னால் ஒரு டாலர் போட்டேன், மாடியில் இருந்து அந்த ஃபோல்டர் மறைந்தே போனது.

ஏன் மறைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். போன வருஷம் திருப்பூணித்துறைக்காரர்கள் உன்னைப் பார்த்துப் பிடித்துப் போய் இறங்கும்போது, உன் சித்தி கமலாக்ஷி வாசல்வரை கூடவே போய், பாவம் அதிதிக்கு இப்போ அந்த ஃபிட்ஸ் எவ்வளவோ தேவலை, பகவான் காப்பாத்தினார் என்று பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள். மூன்று வயதில் காய்ச்சலில் ஒரே ஒரு தரம் வந்தது. அவர்கள் அப்புறம் போனே எடுக்கவில்லை. நீ அழவில்லை, ஒரு மாதத்தில் சிங்கப்பூர் வேலைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். என் பெண்ணை வீட்டை விட்டுத் துரத்தியவள் அவள். அன்றிலிருந்து அவள் மாடிப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது, இதில் நான் வெட்கப்படவும் இல்லை.

இனி நடந்ததைக் கேள். வேண்டாம் என்று ஒதுக்கிய ஜாதகங்களை அழிக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை, யாராவது திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்றார். அவற்றுக்கு இன்னொரு ஃபோல்டர் போட்டேன். வேண்டாததைத் தூரப் போட நம் வீட்டில் என்ன சொல்வோம், களஞ்சுடு என்றுதானே. சஜி சொன்னபடி சின்னதாக கே ஏ எல் ஏ என்று நாலு எழுத்து அடித்தேன், ‘கள’ என்று நினைத்துக்கொண்டு. குப்பைக்கு எதற்கு டாலர் என்று அதை அப்படியே விட்டேன். இங்கிலீஷில் லவும் ளவும் ஒன்றுதான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. மாடிக் கம்ப்யூட்டரில் கமலாக்ஷி பார்த்தது அந்த ஒரே ஒரு பெயரைத்தான், அவள் பெண் பெயர், கலா. உள்ளே திறந்தால் ஏழு பிள்ளைகள், ஜாதகம், போட்டோ சகிதம். மன்னி வாயால் சொல்லாமல் நம்ம கலாவுக்கு வரன் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அந்த ஏழில் அவளுக்குப் பிடித்தது பாலக்காட்டுத் துபாய்ப் பிள்ளை. இங்கே வைட்டிலாவில், நமக்குத் தெரிந்த மீனாக்ஷி மாமி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, இரண்டு வருஷம் முன்னால் அவன் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்த பெண் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், விவாகரத்துகூட ஆகவில்லை. அதனால்தான் அவனைக் களைந்தோம்.

கமலாக்ஷி லட்டு டப்பாவோடு இறங்கி வந்து, ஆவணி ஆறாம் தேதி நிச்சயதார்த்தம் என்று அந்தத் துபாய்ப் பிள்ளையின் போட்டோவைக் காட்டினபோது எனக்கு எல்லாம் புரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லட்டைத் தின்றேன். வயிறு குளிர்ந்தது என்று எழுதினால் அம்மா இப்படியா என்று கேட்பாய், ஆனால் குளிர்ந்தது நிஜம். கெடுவான் கேடு நினைப்பான், அவளே தேடி எடுத்துக்கொண்டாள், நான் கையைக்கூட அசைக்கவில்லை என்று பதினோரு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவர் ஒரு பேச்சில் காரியத்தைக் கெடுத்துவிடுவார். கோவிலில் கமலாக்ஷி பக்கத்தில் நின்று, அவள் கண்ணை மூடி வேண்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை கலா ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் கீழே வந்தாள். புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு எனக்கு ஒரு நமஸ்காரம் பண்ணினாள். பெரியம்மா, நிங்கள் என் பேர் எழுதி வெச்ச ஜாதகமாச்சே, அதனாலதான் பையனைப் பத்தி ஒண்ணும் விசாரிச்சு அன்வேஷிக்க வேண்டாம்னு நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன், நிங்கள் அதிதிக்குப் பார்க்கற மாதிரிதானே எனக்கும் பார்த்திருப்பேள் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். என் கோபம் அவள் அம்மாமேல், அடி விழப்போகிறது இந்தக் குழந்தை தலையில்.

சாயங்காலமே மாடிக்குப் போய் எல்லோரையும் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அது கலா இல்லை, கள, குப்பை என்றேன். வைட்டிலாக் கதையையும் சொன்னேன். கமலாக்ஷி சிரித்தாள் அதிதி. தன் பொண்ணுக்கு ஒண்ணும் குதிரலை, என் பொண்ணுக்குப் பார வெச்சுக் கெடுக்க வந்திருக்கா, இத்தனை நாள் லட்டு தின்னப்போ தெரியலையா மன்னிக்கு என்றாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கலாவைப் பார்த்தேன். அவள் மெதுவாக, நிங்களுக்கு அம்மா மேல கோபம், தேஷ்யம்னு எனக்குத் தெரியும் பெரியம்மா, பக்ஷே என்கிட்ட இப்படிப் பண்ணுவேள்னு நினைக்கலை என்றாள். அன்றிலிருந்து அவளைக் கீழே விடுவதில்லை. அவள் மொபைலுக்குக் கூப்பிட்டால் என் நம்பரைப் பார்த்ததும் கட் ஆகிறது. பேசப் போன அப்பாவையும் நான் தூண்டிவிட்டு அனுப்பியதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கமலாக்ஷியை நான் மன்னிக்கவில்லை. இந்தக் காரியம் முடியட்டும், அவளை நான் வேறு விதத்தில் பார்த்துக்கொள்கிறேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் கலா சின்ன வயசில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தவள், இன்றைக்கும் நீ சொன்னால் கேட்பாள். தினமும் வைட்டிலாவில்தான் பஸ் மாறுகிறாள். மீனாக்ஷி மாமியின் விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் இறங்கி நாலு வீடு தள்ளிப் போய் அந்தப் பெண்ணை ஒரு தரம் நேரில் பார்க்கச் சொல். உன் வாழ்க்கையில் மண் போட்டவளின் பெண்ணுக்காக உன்னிடம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உனக்குச் சகல மங்களமும் உண்டாகட்டும், ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்கட்டும். அப்பளத்தை வெயிலில் ஒரு தரம் காட்டிவிட்டு டப்பாவில் போடு. நிச்சயதார்த்தம் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, இது கைக்குக் கிடைத்த அன்றே கலாவின் மொபைலுக்குப் போன் பண்ணிவிடு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கனகாம்பாள்