பூக்கத் தாமதித்த வாழையும் அம்மாவின் பயணமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் கேட்கும்போதெல்லாம் வாழை நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வந்தேன், அது பொய்யம்மா. இந்த முறை நாற்றுக்காரர் கன்றுகளை இரண்டு மாதம் தாமதமாகக் கொடுத்தார், குலை தள்ள வேண்டிய நேரத்தில் பகல் சுருங்கிக் குளிரும் வந்துவிட்டது. தினமும் காலையில் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம், ஒன்றுகூடப் பூக்கவில்லை. உன் பிரசவத்துக்கு முன்னால் அறுவடையை முடித்துவிட்டு இருவருமாக வருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போன செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. இவையெல்லாம் மலட்டு மரங்கள், வெட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று அரிவாளை எடுத்தேன். அம்மா வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. பதினோரு மரம் சாய்த்தேன். சாய்த்ததை வரப்போரம் போடுவதற்காக அம்மா ஒரு மரத்தைப் பிளந்தாள், பிளந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்டுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு சாண் பூ, வெளுத்துப்போய், மேலே ஏறிக்கொண்டிருந்த நிலையில் இருந்தது. அவள் திட்டவில்லை. உள்ள வந்துகிட்டுத்தாங்க இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் தோட்டக்கலை அதிகாரி வந்தார். வெயில், மழை எதுவானாலும் குடையோடு வருவாரே, அம்மா குடைக்காரர் என்பாளே, அவர்தான். வாழை நாள் பார்த்துப் பூக்கிற செடி இல்லீங்க, முதல்ல முப்பது நாப்பது இலை விட்டாகணும், வாரத்துக்கு ஒரு இலை விடுற மரம் குளிர்ல மூணு வாரத்துக்கு ஒண்ணு விடும், பகல் நீளமா இருந்தா சீக்கிரம் பூவுக்குப் போகும், குட்டைப் பகல்ல இன்னும் மெதுவாகும் என்றார். கடுங்குளிராக இருந்தால் குலை மரத்தின் கழுத்திலேயே சிக்கிக்கொள்வதும் உண்டாம். உங்க மேல தப்பில்ல, அவசரப்பட்டுட்டீங்க அவ்வளவுதான் என்றார். அதுதானே தப்பு.

மரம் இரண்டு மாதம் தள்ளிப்போடும், உன் வயிற்றுப் பிள்ளை தள்ளிப்போடாது. அதனால் அம்மாவை மட்டும் அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன் என்று ஒரு மூச்சு அழுதாள், பிறகு பெட்டியை நானே கட்டிக் கொடுத்தேன். நான் வராததற்கு உன் மாமியார் காரணம் கேட்டால் தோட்ட வேலை என்று சொல். உனக்கு மட்டும் சொல்கிறேன், பதினொன்றை வெட்டியவன் மிச்சத்தையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று தோன்றுகிறது. பகல் நீள ஆரம்பித்திருக்கிறது, நேற்று வடக்கு ஓரத்தில் ஒரு மரம் பூவுக்கு முன்னால் வரும் குட்டை இலையை விட்டிருக்கிறது. மிச்சமும் வரும், காவல் இருக்கிறேன். உடம்புதான் முன்போல் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, மத்தியானமானால் கால்கள் கெஞ்சுகின்றன.

அம்மாவுக்கு முதல் விமானப் பயணம், மாப்பிள்ளையை நேரத்தோடு போய் நிற்கச் சொல். முழங்கால் வலிக்கவில்லை என்பாள், நம்பாதே, தைலம் கைப்பையின் உள்பையில் இருக்கிறது. நீ மாடிப்படி ஏறி இறங்காதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வேறு வேறாகி நீடூழி வாழ வேண்டும். பிறந்ததும் பேச்செல்லாம் அப்புறம், முதலில் போனைப் பிள்ளையின் வாயருகே வை, அழட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வர முடியாமல் போன உன் அப்பா