தென்கரைக்குக் குடிபோக மாட்டேன்

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம். நல்லது, வாழட்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பார்க்கிறாயா, அந்தப் பக்கமா என்று அக்கா போனில் கேட்டாள். இதில் கேட்க என்ன இருக்கிறது? பதினாறு வருடமாகத் தென்கரை ஆட்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறேன். மூன்று மாடிக்கு ஒரு லிஃப்ட், அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. மேலே போய்ச் சேர்வதற்குள் நான்கு தடவை தலை வாரிக்கொள்ளும் கூட்டம். நடுவில் நின்றுவிட்டால் மட்டும் "அண்ணே, அண்ணே" என்று அலறல்.

என்னைப் பிரிந்து, மகளோடு அவள் அம்மா போய் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். பொருத்தமான இடம்.

மார்ச் 9, ஞாயிறு

வடகரையின் கோடியில் வீடு முடித்துவிட்டேன். இப்போதைய வீடு பாலத்தடியில். இது தள்ளித்தான். "பாலம் இருபதே நிமிஷம் சார்" என்றார் தரகர். ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை இல்லாத ரோட்டில் இருபது நிமிடம்! புதன் மாலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீதிமன்றம் எனக்குக் கொடுத்திருப்பது புதன் ஐந்திலிருந்து ஏழு. மகளைக் கூட்டிவந்து ஏழுக்குள் திரும்பக் கொண்டுவிட வேண்டும். குறுக்கு வழி இருக்கிறது, சமாளிக்கலாம்.

மார்ச் 19, புதன்

குடிவந்து முதல் புதன். ஐந்து ஐம்பதுக்கும் பாலத்தின் மேலேயே நிற்கிறோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி, "பாலம் இறங்கினதும் திரும்பிடலாம்ப்பா, அப்பதான் ஏழுக்குப் போக முடியும்" என்றாள் மகள். பதினோரு வயசு. திரும்பினோம். புது வீட்டை அவள் பார்க்கவேயில்லை.

மார்ச் 26, புதன்

அதேதான். குறுக்கு வழியை லாரி ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த வாரம் வேணாம்ப்பா, பரீட்சைக்குப் படிக்கணும்" என்றாள். பரீட்சை ஏப்ரல் கடைசியில். எல்லாம் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது.

மார்ச் 27, வியாழன்

இல்லையாம். அவள் அம்மாவே போன் செய்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல. தலைவலியோட வர்றா, சாப்பிடாம படுத்துடுறா. நீங்க ஏன் இந்தப் பக்கமே குடிவரக் கூடாது?"

யாரு யாருக்கு யோசனை சொல்றது? பட்டென்று போனை வச்சுட்டேன். அப்புறம் அழுகை வந்தது. வந்துச்சு, எழுதறேன், இப்ப என்ன?

ஏப்ரல் 2, புதன்

ஐந்திலிருந்து ஏழு வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தென்கரை. மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவருக்கு ரோஸ் பெயிண்ட், எந்தப் புண்ணியவான் வேலையோ. எதிர் வீட்டு அம்மா நாயைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து உலாத்துகிறார். நாய்க்கு நான்கு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.

"இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்னீங்களே சார்?" என்று தரகர் பல்லைக் காட்டினார்.

"உங்க வேலையப் பாருங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

மதியம் கதவைத் தட்டும் சத்தம். மகள். புதனன்று வந்த வழியை நினைவு வைத்துத் தனியாக நடந்தே வந்திருக்கிறாள், பத்து நிமிடம்தானாம்.

"இன்னைக்கு புதன் இல்லையேம்மா" என்றேன். வேறு பேச்சே கிடைக்கவில்லை, மடையனுக்கு.

"தெரியும்ப்பா. அம்மாவோட சண்டை."

என் கட்டிலில் ஏறிப் படுத்தாள், தூங்கியும் போனாள். அவள் அம்மாவுக்குப் போன் செய்து, இங்கேதான் இருக்கிறாள் என்றேன். சரி என்றாள். எத்தனை மணிக்குக் கொண்டுவிடுவீர்கள் என்று கேட்கவில்லை.