தினமும் இரண்டு கிலோ

31.7.1996, புதன்

இந்த நோட்டில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும். அமலி, பத்தாம் வகுப்பு என்று அட்டையில் எழுதியாயிற்று.

சூலூரிலிருந்து வரும் பஸ் இன்றும் தாமதம். பஸ் நிறுத்தத்தில் போண்டாக் கடை வைத்திருக்கும் நாச்சியம்மாள் அக்கா, பொட்டலம் கட்டக் கிழிப்பதற்கு முன்னால் பழைய பேப்பரை எனக்குப் படிக்கத் தருவார். இன்று ஒரு கட்டு முழுக்கப் படித்தேன். அக்காவுக்கு இது ஆறாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து!

சாயங்காலம் அப்பாவுக்கு ரிஜிஸ்டர் எழுதினேன். அப்பா ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். தொட்டியில் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டதைப் பதிய வேண்டும். அப்பாவின் எழுத்து கோணல் என்பதால் மாதக் கடைசியில் நான் எழுதிவிடுவேன். ஜூனில் எனக்குக் காய்ச்சல், எழுதவில்லை. இன்று இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அறுபத்திரண்டு வரிகள். இரண்டு கிலோ, இரண்டு கிலோ, இரண்டு கிலோ. ஒரே மூச்சில் எழுதியது தெரியக்கூடாது என்று நடுவில் பேனாவை மாற்றினேன். போன தடவையே கிளார்க்கு மாசாணம், "உம்புள்ள எழுத்து அச்சடிச்சாப்புல இருக்குதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னாராம்.

11.8.1996, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் ரோடே வெள்ளை. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு வரதராஜுலு நிற்கப்போகிறார். அவர் கூட்டத்துக்கு மந்திரி வருகிறாராம். பஸ் நிறுத்தத்திலிருந்து மேடை வரைக்கும் இரண்டு பக்கமும் பவுடரால் கோடு போட்டிருந்தார்கள். நெடி தாங்காமல் கண்ணில் தண்ணீர். மேடைக்கு இடம் போதவில்லை என்று கீழ்வீதி வேப்பமரத்தையும் வெட்டிவிட்டார்கள்.

மந்திரி வரவேயில்லை.

24.8.1996, சனி

கோபம் கோபமாக வருகிறது.

கீழ்வீதியில் ஒன்பது பேருக்கு மஞ்சள் காமாலை. மேல்வீதியில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே மரத்தின் சாபம்! வெட்டிய அடிமரத்தில் வெள்ளையாக நுரைத்து வடிகிறது. அம்மன் பாலாக அழுகிறாளாம். எலுமிச்சம்பழம், குங்குமம், வரிசை. எதிர்க்கட்சிக்காரர்கள் மைக் கட்டி, "மரத்தை வெட்டுனவருக்கா உங்க ஓட்டு?" என்கிறார்கள். வரதராஜுலு ஆட்களோ, எதிராளி வைத்த செய்வினை என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சாமியும் பேயும்தான் வேண்டும். நோயாளிகள் வேண்டாம்.

வெட்டிய மரத்தில் சாறு வடியும், அது புளித்தால் நுரைக்கும். லைப்ரரி புத்தகத்தில் இருக்கிறது. வரிசையில் நின்றவர்களிடம் போய்ச் சொன்னேன். "வேதக்காரப் புள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? போ அம்மணி" என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால், காமாலை வராமலிருக்க அம்மா மாதா கோயில் எண்ணெயை என் நெற்றியில் தடவுகிறாள். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

நாச்சியம்மாள் அக்கா மட்டும்தான் என்னை ஆளாக மதித்துக் கேட்டார். "ஏனம்மணி, நீ படிக்கற புள்ள. தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கோணுமா? எங்கூட்டுக்காரரு வெறகு தண்டங்கறாரு."

"தண்ணியில ஒண்ணுமே இல்லீங்கக்கா. தெனமும் ரெண்டு கிலோ பவுடர் போடறாங்க. ரிஜிஸ்டர் எழுதறதே நானுங்க."

"அப்பச் செரி" என்றார்.

2.9.1996, திங்கள்

சுகாதார ஆய்வாளர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார், இளநீர் குடித்தார், ஜீப் ஏறினார். தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு இருபத்திரண்டு பேர்.

5.9.1996, வியாழன்

பேப்பரில் எங்கள் ஊர்! "சூலூர் அருகே மர்ம நோய். குடிநீரில் நாள்தோறும் மருந்து கலப்பது பதிவேட்டில் உறுதி. காரணம் தெரியாமல் அதிகாரிகள் திணறல்."

அந்தப் பதிவேடு என் கையெழுத்து. பெருமையாக இருந்தது. உண்மையை எழுதுவேன் என்றேனே, பெருமையாகத்தான் இருந்தது.

8.9.1996, ஞாயிறு

அக்கா கடை மூடியிருக்கிறது. கண் மஞ்சளாகிவிட்டதாம். மூன்று நாள் அந்த அடிமரத்தைச் சுற்ற வைத்துவிட்டு, இன்றுதான் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

10.9.1996, செவ்வாய்

குழந்தை செத்தே பிறந்தது. பெண். அக்காவுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

11.9.1996, புதன்

ரோட்டில் கோடு போட்ட அன்று அடித்த நெடி. கண்ணில் தண்ணீர் வந்த நெடி. அது அப்பா சட்டையில் ஒரு நாளாவது அடித்திருக்கிறதா? தினமும் இரண்டு கிலோ கையால் அள்ளிப் போடுகிறவரின் சட்டையில்?

கேட்டேன். அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏப்ரலோட தீந்துபோச்சு கண்ணு. அப்பறம் வந்த ரெண்டு மூட்டையும் கூட்டத்துக்கு ரோட்டுல கொட்டிபோட்டாங்க. மாசாணம்தான், போட்டதா எழுதிருன்னாப்ல."

"எழுதுனது நீங்களாப்பா? நானுங்க! என்னைய எதுக்குங்க எழுத வெச்சீங்க?"

"நீ எழுதுனா நல்லா இருக்கும்னு..."

நல்லாத்தான் இருக்குது. அக்கா கேட்டாங்களே, காய்ச்சோணுமான்னு. பெரிய இவளாட்டம் வேண்டாம்னு சொன்னேனே. மரத்தைக் கும்பிட்டவங்களைப் பார்த்து உள்ளுக்குள்ள சிரிச்சேன். அவங்க மரத்தை நம்பினாங்க. நான் என் கையெழுத்தையே நம்பிட்டேன். எவ முட்டாள்?

சாப்பிடவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஜூன் 28, இரண்டு கிலோ. 29, இரண்டு கிலோ. 30, இரண்டு கிலோ. 31, இரண்டு கிலோ.

ஜூனுக்கு ஏது முப்பத்தொன்று?

அதற்கு நேர்கீழே பச்சை மையில் ஆய்வாளர் எழுதியிருக்கிறார்: சரிபார்த்தேன்.

14.9.1996, சனி

கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஊராட்சி ஆபீசில் எல்லாரும் இருந்தார்கள். ஆய்வாளர் ரிஜிஸ்டரை நீட்டி, "குடிநீர்ல குறையே இல்லீங்க மேடம்" என்றார். நான் உள்ளே போய் அந்தப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தேன்.

"ஜூன் முப்பத்தொண்ணுங்க மேடம்."

மாசாணம் சிரித்தார். "சின்னப் புள்ள, கை தவறிபோட்டுதுங்க."

"கை தவறலீங்க. அத்தனை வரியும் பொய்ங்க. எழுதுனது நானுங்க."

"உங்கொப்பன் வேலைக்கு உலை வெக்கறியா? வெளிய போ!"

அப்பா கதவருகே நின்றிருந்தார். இல்லையென்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். "புள்ள சொல்றது நெசந்தானுங்கம்மா," என்றார். "நாலு மாசமா பவுடரே இல்லீங்க."

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "கீழ்வீதிக்குக் குழாய் எந்த வழியாப் போகுது?" என்று மட்டும் கேட்டார்.

"சாக்கடைக்குள்ளயேதானுங்க. ஓட்டைன்னு ரெண்டு வாட்டி சொல்லிபோட்டேனுங்க" என்றார் அப்பா.

ஆய்வாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் மர்மம். ஓட்டைக் குழாய்.

17.9.1996, செவ்வாய்

அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆய்வாளரை இல்லை. மாசாணத்தை இல்லை. வரதராஜுலு மைக்கில், "நம்ம தண்ணியில பொய்யெழுதுன துரோகி" என்று அப்பாவைச் சொன்னார். எந்த ரோட்டில் பவுடரைக் கொட்டினாரோ, அதே ரோட்டில் நின்று!

எத்தனை தடவை எழுதினாலும் ஆறவில்லை.

29.9.1996, ஞாயிறு

அக்கா கடையைத் திறந்துவிட்டார். பாதியாக இளைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு சொன்னார்: "தண்ணிதான்னு தெரிஞ்சிருந்தா நாலு குச்சிய வெச்சுக் காய்ச்சியிருப்பனே அம்மணி."

அக்கா பேப்பரைக் கிழித்து அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டினார். எனக்குப் படிக்கத் தரவில்லை.

20.10.1996, ஞாயிறு

வரதராஜுலு ஜெயித்துவிட்டார். அடிமரத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கீழ்வீதிக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், வால்வுகள் எங்கெங்கே புதைந்திருக்கின்றன என்று வேறு யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா புது ரிஜிஸ்டரைப் பழக்கத்தில் என் முன்னால் வைத்தார். நான் கையை நீட்டவில்லை. அவரே தன் பக்கம் இழுத்து, என் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கோணல்மாணலாக எழுதினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"20.10.96. பவுடர் வரலை. போடலை. வீதியில சொல்லியாச்சு, காய்ச்சிக் குடிக்கச் சொல்லி."

"செரியா இருக்குதா கண்ணு?"

"செரிங்கப்பா."

அம்மா கூப்பிடுகிறாள். விளக்கை அணைக்க வேண்டும்.