என் எழுத்து ஏறிய விமானம்

10 அக்டோபர் 2024
இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் வீட்டு டோஸ்டர் இன்று காலை 7.10 மணிக்கு, பாதி வெந்த ரொட்டியுடன் இயற்கை எய்தியது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பார்த்துப் போயிருக்க வேண்டாம்.

11 அக்டோபர்
டோஸ்டர் இடத்தில் பூஜைக்கு உட்கார்ந்தது போர் விமானத்தின் கீல். சக்கரத்தை மூடும் கதவுக்கானது; உள்ளங்கை அளவு. வேறொரு நாடு சொந்தமாகச் செய்யும் விமானத்துக்கு, நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், மங்கரே பகுதியில் அப்பா வேலை பார்க்கும் பட்டறைதான் கீல் செய்கிறது. நாட்டின் பெயரை எழுதக் கூடாதாம், டைரியிலும்.
அப்பா கற்பூரம் தேடப் போனபோது, காம்பஸ் முனையால் உள்பக்கம் ஓர் ‘அ’ கீறினேன். அகிலின் அ. நாளை திரும்பப் பட்டறைக்கு, பிறகு வானத்துக்கு.

3 டிசம்பர்
பறந்துவிட்டது! முதல் தடவையே பதினெட்டு நிமிடம். அப்பா வீடியோவை ஆறு முறை பார்த்தார். என் எழுத்து ஒலியை முந்தப்போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.
பக்கத்து இருக்கைத் திலக்சன் மட்டும், “நீ கதைக்கிற வேகத்துக்கு அது காணாது” என்றான்.

4 மார்ச் 2025
ரத்து.
அங்கே ஆட்சி மாறி, திட்டத்தையே மூடிவிட்டார்கள். செய்தியில் இருபது நொடி. பட்டறையில் பதினொரு பேருக்கு வேலை போகிறது, அப்பாவுக்கும். எங்கள் விசா அந்த வேலையோடு கட்டியது. வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

9 மார்ச்
‘சோதனையில் குறைகள்’ என்றும் ஒரு காரணம் போட்டிருக்கிறார்கள். என்ன குறை? ஒரு கீறலா? — டேய் அகில், என்னடா பண்ணித் தொலைச்ச.

12 மார்ச்
கீறியதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கீலை எடுத்து என் கையில் வைத்தார். துளை மயிரிழை தள்ளி விழுந்ததால், பூஜைக்கு முன்பே கழித்துப் போட்டதாம்.
“நல்லதா இருந்தா வெளிய விடுவாங்களாடா?”
பிறகு இழுப்பறையை மூடிக்கொண்டே, “அந்தத் துளை நான் போட்டது. அம்மாகிட்ட சொல்லாத.”

30 ஏப்ரல்
ஹென்டர்சன் பகுதியில் வாசல் கேட் செய்யும் இடத்தில் அப்பாவை எடுத்துக்கொள்கிறார்கள், விசா மாறினால். விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இல்லை. நகல்கள் பறக்காமல் இருக்க அந்தக் கீலை மேலே வைத்திருக்கிறார்.
வகுப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்: ஒலியை முந்தப்போன என் ‘அ’ இதுவரை போன மொத்தத் தூரம், பூஜைத் தட்டிலிருந்து அப்பாவின் மேசை வரை. அந்த எழுத்தும் கோணல்.