மழைக்கு ஜெபம் கேட்டேன்

என் அருமை மகள் ஜேனாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் பன்றிகளும் கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். எத்தனையோ தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, அது நியாயம்தான், அதனால்தான் எழுதுகிறேன். "அப்பா, விடியக்காலை ஓடிட்டு வகுப்புல உக்காந்தா கண்ணு சொருகுது, உடற்கூறியல்ல ஃபெயிலாயிடுவேன் போல, ஓட்டத்தை விட்டுடலாம்னு இருக்கேன், கோச்சுகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் போதகர் யாருக்காவது ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டதும் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் ஒருவன் கேட்டால் போதாது, சபையே கேட்டால் கர்த்தர் காது கொடுப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ பாஸாக வேண்டும் என்பதைவிட ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பனியனோடு நீ ஓடும் படம் தீவனக் கடைச் சுவரில் இருக்கிறது, அதைப் பார்த்து ஊரார் என்னிடம் நாலு வார்த்தை பேசுவது எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

நம் சபை பெர்னிஸ் கூட்டம் முடிந்து கார் ஏறுவதற்குள், நீ படிக்கும் கலிபோர்னியாவிலேயே இருக்கும் தன் தங்கை மகளுக்குச் சொல்லிவிட்டாள், அவள் உன் கோச்சின் மனைவியிடம் சொன்னாள். கோச் மைதானத்தில் பெண்களை எல்லாம் கைகோத்து நிற்கவைத்து, "ஓட்டத்தை விட்டுப் போக நினைக்கிற எங்க சகோதரி ஜேனாவை நீர் நிலைநிறுத்தும்" என்று உன்னை நடுவில் வைத்துக்கொண்டு ஜெபித்ததை நீ அழுதுகொண்டே சொன்னாய். "நான் உங்ககிட்டதான் சொன்னேன், ஊருகிட்ட இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பெர்னிஸிடம் சண்டைக்குப் போனேன், "நாங்க என்ன புறணியா பேசினோம் ஹார்லன், ஜெபம்தானே பண்ணச் சொன்னோம்" என்றாள், நான் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன், முதலில் வாயைத் திறந்தவன் நான்தானே.

நேற்றும் ஜெபக்கூட்டம் இருந்தது. "ஹார்லன், நம்ம ஜேனா என்ன முடிவு பண்ணியிருக்கா, இன்னும் ஜெபிக்கணுமா" என்று போதகர் கேட்க எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "மழைக்கு ஜெபிங்க" என்றேன். உன் பேச்சை மாற்ற வாயில் வந்தது அதுதான்; ஏற்கெனவே வாரம் முழுக்க மழை கொட்டித் தீர்த்து வயலில் முழங்கால் சேறு, சோளம் விதைக்க வழியில்லை, ஆலயத்துக் கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது. போதகர் ஒழுகும் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலை குனிந்தார், வேறு வழியில்லாமல் எல்லோரும் மழைக்காக ஜெபித்தார்கள்.

நீ ஓடினாலும் சரி, விட்டாலும் சரி. தீவனக் கடைக்காரரிடம் சொல்லி அந்தப் படத்தை வாங்கிவந்துவிட்டேன், என் அலமாரியில் இருக்கிறது. உன் முடிவை என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு தடவை போனை எடு, பன்றிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இரவில் நேரத்தோடு தூங்கு, வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அப்பா ஹார்லன்