பழைய போனில் தெரியாத பட்டன்

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: அத்தை பேசுகிறார், என்னை அதட்டவும் செய்கிறார். கப்பலில் உங்களுக்கு மெயில் எப்போது வந்து சேருமோ, அதனால்தான் இதை மேலே போட்டேன். இனி உட்கார்ந்து படியுங்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். காலையில் அத்தை குளியலறையிலிருந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூச்சு வாங்கியது. நேற்றுதானே டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்தார் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது: நேற்றும் செய்துகொள்ளவில்லை, அதற்கு முந்தின முறையும் செய்துகொள்ளவில்லை. பஸ் ஏறி வந்து, வெறுமனே திரும்பிப் போயிருக்கிறார். என்னிடம் மட்டும் "ஆச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது மெஷினில் போட்டிருக்கிறார்கள். இது முடிந்து இதயத் துடிப்பு சீராகும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பீர்கள். என்னால்தான்.

போன மெயிலில் குதித்தேனே, வெப் பக்கத்துக்கு அலங்காரம் செய்யும் மொழியான சி.எஸ்.எஸ்ஸில் புதிதாக என்னென்னவோ வந்திருக்கிறது, பக்கத்தின் அழகையெல்லாம் இனி நாலு வரியில் முடித்துவிடலாம் என்று? அதில் ஒன்று, திரையில் ஒரு பெட்டியை இன்னொன்றோடு கட்டிப்போடுவது. பட்டியலில் எந்த நேரத்தைத் தொடுகிறோமோ, அதன் பக்கத்திலேயே "உறுதி செய்" பட்டன் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் செய்துகொடுத்த, இந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் படுக்கைப் பதிவுப் பக்கத்தில் அதைத்தான் போட்டேன். ஆபீஸில் எல்லாரும் கை தட்டினார்கள். ஆபீஸில் இருப்பதெல்லாம் புது போன்கள்.

அத்தை கையில் இருப்பது நீங்கள் விட்டுப்போன போன். போகும்போது உங்கள் அம்மாவிடம் "அப்டேட்னு வந்தா தொடவே தொடாதம்மா, போன் ஸ்லோ ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் சொல்லை அவர் தட்டுவாரா? நான் சொன்னால் மட்டும்தானே தட்டுவார். அந்தப் பழைய பிரவுசருக்கு என் புது வரி புரியவில்லை. பட்டன் திரைக்கு வெளியே எங்கோ போய் நின்றுகொண்டது. உறுதி செய்யாததால் படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்தான்.

சி.எஸ்.எஸ் தனக்குப் புரியாத வரியைக் கண்டால் சண்டைக்கு வராது, சிவப்பு எழுத்தில் கத்தாது. பேசாமல் தாண்டிப் போய்விடும். அத்தையும் அப்படியே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "என் கண்ணுதான் மங்கிடுச்சுன்னு நெனச்சேன். எல்லாரும் உன்னைப் பாராட்டுறாங்க, நான் போயி பட்டன் தெரியலைன்னா நல்லாவா இருக்கும்?" என்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தே பக்கத்தை மாற்றிவிட்டேன். பட்டன் எல்லாருக்கும் கீழே, நேராக, பெரிதாக. தனக்கு அந்தப் புது வித்தை தெரியும் என்று எந்த பிரவுசர் சொல்கிறதோ, அதற்கு மட்டும் வித்தை. மேனேஜர் போன் செய்து, பழைய போன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தானே, இதற்கா இவ்வளவு அவசரம் என்றார். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்றேன்.

நேரத்தைத் தொட்டுவிட்டு உறுதி செய்யாமல் விட்டது அத்தை மட்டும் இல்லையாம். நர்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சிலர் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருப்பது இங்கே கேட்கிறது. வெளியூர் போயிருப்பார்கள், தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சற்று முன் உள்ளே விட்டார்கள். அத்தையிடமே போனைக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து அழுத்தினார். "தெரியுதுடி. ஆனா மொட்டையா இருக்கே, உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார். மூக்கில் குழாயோடு கேட்கிறார்! வெளியே ஓடி வந்து அழுதேன்.

கரையில் சிக்னல் கிடைத்ததும் அவரைக் கூப்பிடுங்கள். திட்டாதீர்கள். நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்காதீர்கள், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். என்ன முடியலை, எது தெரியலை என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.

பிறகு என்னையும் அப்படியே ஒரு தடவை கேளுங்கள்.

கடலில் பத்திரமாக இருங்கள். எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் வாயாடி என்று கூப்பிடும்
உங்கள் மனைவி