விரலில் குத்திய ஊசி

மதுரை, கீழமாசி வீதி
2-3-1941

சிரஞ்சீவி கருத்தக்கண்ணனுக்கு உன் அய்யா உக்கிரபாண்டி ஆசீர்வதித்து எழுதுவது. நீ சென்னையில் சுகமாக இருக்கச் சொக்கநாதர் துணை. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தை ஒச்சாயி போன செவ்வாய்க்கிழமை வாந்திபேதியில் போய்விட்டாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவள், பொழுது சாய்வதற்குள் இல்லை. தந்தி கொடுக்காதது என் முடிவு, வியாதி பரவும் ஊருக்கு உன்னை உடனே இழுக்க வேண்டாமென்று. கோபம் என்மேல் இருக்கட்டும்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. பொங்கல் லீவில் அத்தை ஊருக்குப் போய், மனுஷ இரத்தத்தில் எத்தனை வகை என்று உங்கள் காலேஜ் புரொபசர் பார்க்க வேண்டுமென்று, நாற்பது பேர் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாயே. நீ விளக்கத்தான் தொடங்கினாய், நான்தான் குறுக்கே விழுந்து, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான், நீட்டுங்கப்பா வெரலை என்று அதட்டி வரிசையில் நிறுத்தினேன். நீயும் வேலை சுளுவாக முடிந்ததென்று இருந்துவிட்டாய். கடையில் கொத்தமல்லி மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்தால்கூட எதற்கென்று மூட்டைக்காரனிடம் சொல்லித்தான் எடுக்கிறேன், சொந்தத் தங்கச்சியிடம் சொல்லவில்லை.

மாசி பிறந்ததும் அத்தை ஊர் இருக்கும் வாடிப்பட்டிப் பக்கம் வியாதி வந்து, சுகாதார இன்ஸ்பெக்டர் காலரா ஊசி போட ஊருக்குள் வந்திருக்கிறார். உன் அத்தை வாசலில் நின்று, எங்களுக்கெல்லாம் எங்க மருமகன் பட்டணத்துல இருந்து கொண்டாந்து போட்டாச்சு, ஒங்க ஊசி எதுக்கு என்றாளாம். இது புஜத்தில் போடுவதம்மா என்று அவர் சொன்னதற்கு, எங்கிட்டுக் குத்துனா என்ன, ஒடம்பு ஒண்ணுதானே என்று சிரித்தாளாம். உன்னால் அவளுக்கு அம்புட்டுப் பெருமை. அவளைப் பார்த்து மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். அவளோடு சேர்த்து மூன்று பேர் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள், ஒச்சாயியை இழந்து நிற்கும் உன் மாமன் விருமாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான், மருமகன் ஊசி ஒரு மாசந்தான் தாங்கும்போல, இந்த ரெண்டு பிள்ளைகளுக்காச்சும் இன்னொரு தடவ போட வரச் சொல்லுங்க என்று அழுதான். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், வியாபாரத்தில் எனக்குத் தெரியாத பொய்யா. ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்தக் காப்பும் இல்லாமல் நிற்கிறார்கள். அது மருந்தே இல்லை மாப்ள, சோதனைக்கு எடுத்த ரத்தம், சொல்லவிடாமல் தடுத்தவன் நான் என்றேன். அவன் என்னை அடித்திருந்தால் தேவலை. அப்ப அவ சும்மாவா செத்தா என்று மட்டும் கேட்டான். மறுநாள் பிள்ளைகளை இன்ஸ்பெக்டரிடம் அவனே தூக்கிப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

படிப்பை விடுகிறேன் என்று மூட்டை கட்டாதே, அதனால் யாரும் பிழைத்து வரப்போவதில்லை. உன் புரொபசரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல். ஊராரிடம் எதற்கென்று நீ விளக்கி, அவர்கள் சம்மதித்த பிறகு புரொபசர் அந்த இரத்தக் கணக்கைத் தன் புத்தகத்தில் எழுதட்டும். வேண்டாம் என்பவர் பெயரை உன் நோட்டில் அடித்துவிடு. அத்தையிடம் கேட்க இனி வழியில்லை, அவளுடைய கணக்கை என்ன செய்வதென்று விருமாண்டிதான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா செல்லத்தாய் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள். அங்கேயே காலரா ஊசி போட்டுக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்துக்கு வா. நேரே மதுரைக்கு வராதே, கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி முதலில் மாமன் வீட்டுக்குப் போ. அவன் உள்ளே வா என்று சொல்லாவிட்டாலும் வாசலில் நில். நீ நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அய்யா
உக்கிரபாண்டி